பிலாருக்கு எங்கே வலிக்கிறது?

பலெர்மோவில் கால் வைத்த முதல் நாளே ஒரு பஸ் சாரதி என்னை வெளியே போகச் சொன்னார். அதுவும் மரியாதையாக, கையை வீசி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. "சால்கா, சிஞ்ஞோரா, சால்கா!"

நான் ஒரு காலைப் படியில் வைத்திருந்தேன். இரண்டு கையிலும் பைகள். தங்கை ரஞ்சி எனக்கு முன்னாலே ஏறி, பின் இருக்கையில் இடமும் பிடித்துவிட்டாள். ஸ்பானிஷில் 'சால்கா' என்றால் வெளியே போங்கள். எனக்கு இத்தாலியன் தெரியாது. ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒன்றை வைத்து மற்றதைச் சமாளித்துவிடலாம் என்று ரொறன்ரோவில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என்ன குற்றம் செய்தேனோ தெரியவில்லை என்று வைத்த காலைக் கீழே எடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ரஞ்சியின் வாய் திறந்து திறந்து மூடியது. பஸ் அவளைக் கொண்டு போய்விட்டது.

அடுத்த தரிப்பிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏன் அக்கா ஏறேல்லை?"

"அந்தாள் என்னை வெளியிலை போகச் சொன்னவர்."

"விசரே உனக்கு? ஏறுங்கோ எண்டெல்லோ சொன்னவர்!"

இத்தாலியனில் 'சால்கா' என்றால் ஏறுங்கள். அக்கா தங்கைதான்; ஆனால் ஒருத்தி போ என்று சொல்லும் அதே சொல்லால் மற்றவள் வா என்கிறாள். தரிப்பில் பைகளின் மேல் உட்கார்ந்து இருவரும் சிரித்த சிரிப்பில், எதிர் மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணும் காரணம் தெரியாமலே சிரிக்கத் தொடங்கினாள்.

என் ஸ்பானிஷைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சாப்பாட்டுத் தட்டுகளை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அங்கிருக்கும் முதியவர்கள் பலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே வரும். அதனால் எங்களுக்கு ஒரு மாலை வகுப்பு வைத்தார்கள். வகுப்பின் நோக்கம் நோயை விசாரிப்பது, வேறொன்றுமில்லை. ஆகவே ஸ்பானிஷில் எனக்குத் தக்காளி வாங்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது. ஆனால் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, குத்துகிறதா எரிகிறதா, வயிறு போனதா என்று எந்த நாட்டு மகாராணியிடமும் கூச்சமில்லாமல் கேட்பேன். தலை, பல், நெஞ்சு, வயிறு எல்லாம் படித்தாயிற்று. கையும் காலும் படிப்பித்த வாரம் பனிப்புயல். நான் போகவில்லை.

ரஞ்சியின் வீடு பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் மீன் விலை காதில் விழும். ஸ்காபரோவில் பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அவர் பனி தள்ளுகிறாரா என்பதை வைத்துத்தான் அறிந்துகொள்வோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் இரவு என்ன சாப்பிட்டார் என்பதும், அது அவருக்குச் செமித்ததா என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நானும் ரஞ்சியும் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறோம். வாசலில் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியபோது அவளுடைய கணவர் தேவன் குறுக்கே வந்தார்.

"மச்சாள், முதல்லை சாப்பிடுங்கோ. அழுறது எங்கையும் ஓடிப்போகாது."

அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். வரும்போது பனெல்லே கொண்டு வந்திருந்தார். கடலைமாவைக் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் அடுக்கி எலுமிச்சம்புளி பிழிந்து தருகிறார்கள். பாணுக்குள் பஜ்ஜி! இதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஏன் இவ்வளவு காலம் எடுத்தோம் என்று நான் இரண்டாவதையும் எடுத்தபோதுதான் ரஞ்சி தன் கவலையைச் சொன்னாள்.

ஒரேத்தோப் பக்கம் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரை அவள் பார்த்துக்கொள்கிறாள். பெயர் பிலார். பிறந்தது ஸ்பெயினில். சிசிலிக்காரக் கப்பலோட்டி ஒருவரைக் கலியாணம் செய்து இளவயதிலேயே இங்கே வந்தவர். கணவர் இப்போது இல்லை. பிள்ளைகளும் இல்லை.

"இத்தாலியன் என்னைவிட வடிவாக் கதைக்கிறவ, அக்கா. இப்ப ரெண்டு கிழமையா ஒரு சொல்லும் வருகுதில்லை. எல்லாம் ஸ்பானிஷ். நான் போனை வாய்க்குக் கிட்டப் பிடிச்சு மொழிபெயர்த்துப் பார்த்தன். 'கப்பல் மணி வெறியிலை நிக்குது' எண்டு காட்டுது."

"பல்லைக் கழட்டி வச்சிட்டுக் கதைச்சா போனுக்கு என்ன விளங்கும்?" என்றார் தேவன்.

பிலாருக்கு உறவென்று இருப்பது கணவரின் அக்கா மகன் சால்வோ. கத்தானியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மாமிக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடமும் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். டாக்டரும் அப்படியே சொல்லிவிட்டால் பிலார் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான். ரஞ்சிக்கு வேலை போகும். வேலை போனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பதும் சிக்கலாகும். ஆனால் அவள் கண் கலங்கியது அதற்கில்லை.

"அந்த வீட்டை விட்டுப் போனா அவ கனநாள் இருக்கமாட்டா அக்கா. நீ வந்து ஒருக்காக் கேட்டுப் பாரன், அவவுக்கு என்ன செய்யுதெண்டு."

"அது ஒண்டுதானே எனக்குக் கேக்கத் தெரியும்," என்றேன்.

மறுநாள் காலை தேநீர்க்கடை மாதிரியான ஒரு சின்ன இடத்தில் நின்றபடி சாப்பிட்டோம். இனிப்புப் பன்னான பணிசை இரண்டாகப் பிளந்து அதற்குள் ஐஸ்கிரீமை அப்பித் தந்தார்கள். பெப்ரவரி மாதம், காலைச் சாப்பாடு, ஐஸ்கிரீம். பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒருவர், வங்கி மனேஜர் போன்ற முகத்தோடு அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டு அடி வாங்கிய ஆசைகளெல்லாம் இந்த ஊரில் சட்டமாக இருக்கின்றன.

பிலாரின் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அறைக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது, ஹீட்டர் நிறுத்தியிருந்தது. கட்டிலில், தலையணைகளுக்கு நடுவே, நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம். வலது கையில் கைக்குட்டை. இடது கை போர்வைக்குள்.

பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் முதல் நாள் படித்ததைச் சொன்னேன். "கே லெ துவேலே, சென்யோரா?" உங்களுக்கு என்ன வலிக்கிறது, அம்மா?

பிலார் என்னைப் பார்த்தார். வலது கையால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். நிறுத்தவில்லை. அடைத்து வைத்திருந்த இரண்டு கிழமையும் மொத்தமாக வெளியே வந்தது. பத்துச் சொல்லில் ஒன்றுதான் என் கையில் அகப்பட்டது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்து, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போட்டேன். உங்களுக்கு என்ன நோய்?

"கொன்ஸ்திபாதா," என்றார்.

ரஞ்சி துள்ளினாள். "கேட்டியே! இதைத்தான் ரெண்டு கிழமையாச் சொல்லுறா. இத்தாலியனிலையும் அப்பிடித்தான், கொஸ்திபாத்தா. மலச்சிக்கல். நானும் கிவிப்பழம், ஊறவைச்ச பிளம்ஸ், சிரப்பு எல்லாம் குடுத்திட்டன். போகுது, போகுது, நிக்காமல் போகுது, பிறகும் கொன்ஸ்திபாதா எண்டுறா!"

ஆங்கிலத்திலும் அதே மாதிரிச் சொல் அதே பொருளில் இருப்பதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வயிறா?" பிலார் கொதித்துப்போனார். "வயிற்றுக்கு என்ன வந்தது? இந்தப் பெண் தருகிற பழத்தால் என் வயிறு நாள் முழுக்க ஓடுகிறது!" கைக்குட்டையை மூக்கில் வைத்துக் கோயில் சங்கு மாதிரி ஊதினார். பிறகு மூக்கைச் சுட்டிக் காட்டினார். "இங்கே! இங்கே! கொன்ஸ்திபாதா!"

நான் மெதுவாகத் திரும்பினேன். "ரஞ்சி. இது தடிமன், மூக்குச்சளி."

"என்னது?"

"ஸ்பெயினிலை கொன்ஸ்திபாதா எண்டா தடிமன் போலை கிடக்கு."

"தடிமன் இருக்கெண்டு எனக்கும் தெரியும். அதுக்கு வேறை மருந்து குடுத்தனான். இது வேறை வருத்தம் எண்டெல்லோ நினைச்சன்!" ரஞ்சி கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு பயந்த குரலில் கேட்டாள். "அப்ப... கால்தோ எண்டா?"

"ஏன்?"

"ஒவ்வொரு நாளும் கால்தோ, கால்தோ எண்டு கேப்பா. இத்தாலியனிலை அது சூடு. அவவுக்கு அவியுதாக்கும் எண்டு ஹீட்டரை நிப்பாட்டிக் கதவையும் திறந்துவிட்டனான்."

இந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் இல்லத்தில் தட்டுகளில் குத்திவரும் அட்டைகளில் தினமும் பார்க்கிற சொல்.

"கால்தோ எண்டா சூப்படி!"

தடிமன் பிடித்த பெண் சூப் கேட்க, குளிர்காற்றைத் திறந்துவிட்டு, பேதிக்கும் கொடுத்திருக்கிறாள் என் தங்கை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அடிப்பாள் என்று பால்கனிக் கதவை மூடப் போனேன். அங்கே போய்ச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவளும் முகத்தை ஏப்ரனுக்குள் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் கோழி சூப் தயாரானது. மிளகும் உள்ளியும் தூக்கலாகப் போட்டாள். பிலார் இரண்டு கிண்ணம் குடித்தார். கன்னத்தில் நிறம் வந்தது. நான் பெரிய மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன் என்ற நினைப்பு எனக்கும் வந்தது.

அந்த நினைப்பு மத்தியானம் வரைக்கும்தான். கம்பளிச் சட்டையை மாற்றுவதற்காக ரஞ்சி இடது கையைத் தொட்டதும் பிலார் அலறினார். "ஆய், மி முன்யேக்கா!" கையை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இதுதான் அக்கா மற்றக் கரைச்சல். ஒரு கிழமையா உந்தச் சட்டையைக் கழட்ட விடுறா இல்லை. குளிராக்கும் எண்டு நானும் விட்டிட்டன். எந்த நேரமும் முன்யேக்கா, முன்யேக்கா."

முன்யேக்கா எனக்குத் தெரிந்த சொல். வகுப்பில் ஒரு குழந்தைப் படப்புத்தகத்தில் வந்தது. பொம்மை. ரஞ்சியின் போனும் அதையே சொன்னது.

"பாவைப்பிள்ளையோ!" என்றாள் ரஞ்சி. "சால்வோவுக்கும் இதைத்தான் போனிலை சொன்னனான். மாமி பாவைப்பிள்ளை கேட்டு அழுறா எண்ட உடனைதான் அவர் முதியோர் இல்லம் பாக்க வெளிக்கிட்டவர்."

"பொம்மை எங்கே?" என்று பிலாரைக் கேட்டேன்.

"இங்கே!" என்று போர்வையைக் காட்டினார்.

போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தேன். ஒன்றுமில்லை. மந்தமான பிள்ளையைப் பார்ப்பதுபோல் பிலார் என்னைப் பார்த்தார். மனதுக்குள் எனக்குத் துக்கமாக இருந்தது. சூப் கேட்டது சரி, தடிமனும் சரி. ஆனால் சால்வோ சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ?

எப்படியானாலும் ஒரு பொம்மைதானே, வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று அடுத்த நாள் சந்தைக்குப் போனோம். பல்லரோவில் எதையும் சும்மா விற்பதில்லை, பாடித்தான் விற்கிறார்கள். வாள்மீனின் தலையைக் கூர்மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவர் பாட, எதிரே கத்தரிக்காய்க்காரர் அதற்குப் போட்டியாக எடுத்தார். ஒரு வண்டியில் எள்ளுத் தூவிய பாணுக்குள் ஏதோ கறுப்பு இறைச்சியைக் கொழுப்பில் வதக்கி வைத்துத் தந்தார்கள். ருசி அபாரம். முடித்துவிட்டுத்தான் என்னவென்று கேட்டேன்.

"மண்ணீரல்," என்றாள் ரஞ்சி. "சுவாசப்பையும் இருக்கும்."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தின்னமாட்டாய், எனக்கெண்டா தனியத் தின்ன விருப்பமில்லை."

பங்களாதேஷ்காரர் ஒருவரின் கடையில் பொம்மை கிடைத்தது. மஞ்சள் முடி, நீலக் கண், ரோசாச் சட்டை. பேத்திக்கா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, எண்பது தாண்டிய ஒருவருக்கு என்றாள் ரஞ்சி. அவர் ஒரு ரிப்பன் சுற்றிக் கொடுத்தார்.

பொம்மையின் முதுகில் ஒரு பொத்தான் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பஸ்ஸில் சனம் நெரித்தபோது என் பைக்குள் இருந்து ஒரு குழந்தை "மம்மா!" என்று அழுதது. முன்னால் நின்றவர் திரும்பினார். நான் பையை இறுக்கிப் பிடித்தேன். "மம்மா! மம்மா!"

"பைக்குள் குழந்தை இருக்கிறது!" என்று ஒரு கிழவி கூவினாராம். பஸ் நின்றுவிட்டது. சாரதி இறங்கி வந்தார். முழுப் பஸ்ஸும் ஒரே நேரத்தில் என்னோடு பேசியது, எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ரஞ்சி பைக்குள் கையை விட்டு, பொம்மையை ஒற்றைக்காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள்.  பிறகு எழுந்த சிரிப்பில் பஸ் ஆடியது. கிழவி பொம்மையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டுத் தந்தார். நாங்கள் இறங்கும்போது அது யார் யார் கையிலோ போய்க் கடைசியில் சாரதியின் மடியில் இருந்தது.

பிலாருக்கு அது அவ்வளவு வேடிக்கையாகப் படவில்லை. பொம்மையை மடியில் வைத்தோம். அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கண்ணை மூடி ஏதோ ஒரு மாதா பெயரைச் சொன்னார். பிறகு பல்லுச்செட்டைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். இனிமேல் இது விளையாட்டில்லை என்பதுபோல் இருந்தது.

வலது கையால் பொம்மையைத் தூக்கினார். "முன்யேக்கா," என்றார். நான் தலையாட்டினேன். பொம்மையின் கையை நீட்டி, உள்ளங்கை முடிகிற இடத்தில் விரல் வைத்தார்.

"முன்யேக்கா," என்றார் மறுபடி. "லா முன்யேக்கா தெ லா முன்யேக்கா."

பொம்மையின் பொம்மை? நான் விழித்தேன். அவர் பொறுமையாக, மிகப் பொறுமையாக, போர்வைக்குள் இருந்து தன் இடது கையை வெளியே எடுத்தார். கம்பளிச் சட்டையின் கையை ரஞ்சி மெல்ல மேலே சுருட்டினாள். மணிக்கட்டு வீங்கி, நீலமும் மஞ்சளுமாக இருந்தது.

ஒரே சொல். பொம்மைக்கும் அதுதான், மணிக்கட்டுக்கும் அதுதான். பனிப்புயலில் நான் தவறவிட்ட பாடம் எங்கள் இருவர் முன்னாலும் கிடந்தது.

"எப்போதிருந்து?" என்று கேட்டேன். 

ஒரு வாரம், என்றார். விடியப்புறம், ரஞ்சி வருமுன், கழிவறைக்கு அவசரமாக ஓடியபோது விழுந்திருக்கிறார். தானே எழுந்து வந்து படுத்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல ரஞ்சியின் முகம் வெளுத்தது. "அக்கா, ஏன் ஓடினவ? நான் குடுத்த பிளம்ஸாலை எல்லோ ஓடினவ."



டாக்சிக்குச் சொன்னோம். மூன்று மாடி இறக்குவது எப்படி என்று நிற்கையில் கீழ்வீட்டு அண்ணன் தம்பி இருவர் வந்து, பிலாரைக் கதிரையோடு தூக்கினார்கள். அவர் சுவரில் இடிக்காதே, மெதுவாகத் திருப்பு என்று ஸ்பானிஷில் கட்டளையிட, அவர்கள் ஓம் ஓம் என்று இத்தாலியனில் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஆசுபத்திரியில் காத்திருப்பு, கனடாவில் போலவே நீளம். ஆனால் அங்கே எல்லாரும் போனைப் பார்த்தபடி தனித்தனியே காத்திருப்போம். இங்கே கூட்டாகக் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெண் தோடம்பழத்தை உரித்து எங்கள் எல்லாருக்கும் சுளை பிரித்தாள். உள்ளே இரத்தச் சிவப்பு. அதைத் தின்றுகொண்டே தன் கணவரின் கல்லீரலைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாளாம். ரஞ்சி அரைக்காதில்தான் கேட்டாள். சுளை அவள் கையிலேயே இருந்தது.

மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டார்கள். வயதானவர்களுக்குத் தடிமன் காய்ச்சலோ வலியோ வந்தால், பிறகு படித்த மொழி சில சமயம் ஒளிந்துகொள்ளும், தாய்மொழி மட்டும் மேலே நிற்கும் என்று அங்கிருந்த டாக்டர் ரஞ்சிக்கு விளக்கினார். திரும்பி வருமா? வரலாம், வராமலும் போகலாம்.

கட்டிலில் சாய்ந்திருந்த பிலாரின் காலடியில் ரஞ்சி நின்றாள். "அக்கா, அவவுக்குச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. பிளம்ஸ் ஏன் குடுத்தனான் எண்டு."

என் ஸ்பானிஷில் அதற்கு வசதி இல்லை. இருந்த சொற்களை வைத்துக் கட்டினேன். நீங்கள் சொன்னது மூக்கு. இவளுக்குக் கேட்டது வயிறு. நீங்கள் சொன்னது சூப். இவளுக்குக் கேட்டது சூடு. அதனால் பழம். அதனால் காற்று. அதனால் நீங்கள் ஓடினீர்கள். அவள் அழுகிறாள்.

பிலார் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். மூக்கு, வயிறு என்று விரல்விட்டுத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! மாவுக்கட்டு நெஞ்சில் இடிக்க இடிக்கச் சிரித்தார். நல்ல கையால் ரஞ்சியை இழுத்து, தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"நான் நினைத்தேன்," என்றார் மூச்சு வாங்கியபடி, "இந்த நாட்டில் தடிமனுக்கு இதுதான் வைத்தியமாக்கும் என்று."

வெள்ளிக்கிழமை சால்வோ வந்தார். மெலிந்த, கவலை படிந்த மனிதர். ஆளைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. கூட வந்தவர் குடும்ப டாக்டர், சிரித்த முகப் பெண்மணி. பரிசோதனை தொடங்கியது. டாக்டர் இத்தாலியனில் கேட்பார். ரஞ்சி தமிழில் எனக்குச் சொல்வாள். நான் ஸ்பானிஷில் பிலாருக்கு. பதில் அதே வழியில் திரும்பும். ஒரேத்தோவின் ஒரு படுக்கையறையில் யாழ்ப்பாணத் தமிழ் நடுச்சந்தியாக நின்றது.

நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?

"என் வீட்டில். சால்வோ சப்பாத்தோடு மிதித்துக்கொண்டு நிற்பது என் கம்பளம்."

சால்வோ இறங்கி நின்றார்.

இது என்ன காலம்? சிவப்புத் தோடம்பழம் மலிந்திருக்கிறது, வேறென்ன காலமாக இருக்கும் என்றார். பிரதமர் யார்? "காலையில் யார் என்று தெரியும். இப்போது மாறியிருந்தால் என்னைக் குற்றம் சொல்லக்கூடாது." இந்த மனிதர் யார்? என் கணவரின் அக்கா மகன், ஏழு வயதுவரை என் மெத்தையை நனைத்தவன். இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, "என்ன சொன்னவ, என்ன சொன்னவ?" என்று ரஞ்சி குடைந்தாள். அதற்குள் பிலாரே மெத்தையைத் தட்டி, மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டார். சால்வோவின் காது சிவந்தது.

இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார் டாக்டர். பிலார் கடகடவென்று எண்ணினார். சரியா என்று டாக்டர் என்னைப் பார்த்தார். ஸ்பானிஷில் பதினான்குக்கு முந்தியது என்னவென்று எனக்கு மறந்துபோயிருந்தது. ஓம் ஓம், எல்லாம் சரி என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்ப்பாளரைப் பற்றித்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது."

சால்வோ சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாமியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தைப் பார்த்தார். தன்னிடம் ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். பிலாரின் பதிலை நான் ஒவ்வொரு சொல்லாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

"நீ கேட்கவில்லை, மகனே. கேட்டிருந்தால் உன் வீட்டில் ஒரு வாரம் வந்து இருந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன்."

முதியோர் இல்லப் பேச்சு அதோடு முடிந்தது. இரவில் துணைக்கு இன்னொருவர் கிடைப்பாரா என்று அவர் ரஞ்சியைக் கேட்டார். மன்னார்ப் பெண் ஒருத்தியை அவள் அங்கேயே போனில் பிடித்துவிட்டாள்.

நான் புறப்படும் நாள் காலை விடைபெறப் போனோம். கதவைத் திறந்ததுமே பிலார் பேசத் தொடங்கினார். தலை வாரி, பல் போட்டு, பால்கனிப் பக்கக் கதிரையில் இருந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மெதுவாக, மெதுவாக என்றேன். இன்னும் வேகமாகப் பேசினார். திரும்பிப் பார்த்தால் ரஞ்சி ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடி வாசலிலேயே நிற்கிறாள், கன்னமெல்லாம் தண்ணீர்.

"இத்தாலியன், அக்கா! இத்தாலியன் கதைக்கிறா! காலமை எழும்பேக்கை சன்னல் எண்ட சொல்லு வந்ததாம். பிறகு ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா எல்லாம் வந்திட்டுதாம்."

ஒரே காலையில் என் உத்தியோகம் போய்விட்டது. "கை நோகுதோ எண்டு கேள்," என்றேன். ரஞ்சி கேட்டாள். பிலார் என்னைச் சுட்டிச் சுட்டி நீளமாகச் சொன்னார். ரஞ்சிக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்து, மொழிபெயர்க்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சொல்லனடி!"

"கை நோகேல்லையாம். உன்ரை ஸ்பானிஷைக் கேட்டுக் கேட்டுக் காதுதான் நோகுதாம். அதாலைதான் கெதியா இத்தாலியனுக்கு ஓடி வந்தவவாம்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? குனிந்து விடைபெற்றபோது பிலார் நல்ல கையால் என் பின்கழுத்தைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, காதுக்குள் ஏதோ சொன்னார். அதுவும் இத்தாலியன்தான். நான் அதை நினைவில் பிடித்துக்கொண்டு, படியிறங்கும்போது ரஞ்சியிடம் சத்தம் சத்தமாக ஒப்பித்தேன். என் வாயில் அது உருக்குலைந்துதான் வந்திருக்கும். அவள் மூன்று தடவை சொல்ல வைத்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

"அடுத்த முறை வரேக்கை நோய் வருத்தத்தைத் தவிர வேறை ஏதும் படிச்சுக்கொண்டு வரட்டாம். உன்னோடை கதைக்க அவவுக்குக் கனக்கக் கிடக்காம்."